மதிப்பெண்ணுக்கு முன் ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்புவரை, பருவம் முடியும் தறுவாயில் என் கையில் ஒரு துணிப்பை கூடுதலாக இருக்கும். ‘அசைன்மென்ட்’ என்று மாணவர்கள் சொல்லும் ஒப்படைப்புக் கட்டுகள் அதில் இருக்கும். வீரகேரளம்புதூரில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவற்றைத் திருத்துவேன். சாரல் காலமென்றால் தாள் பறக்காமலிருக்க ஒரு கல்லும் வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஐந்து நிமிடம். பிழையின் கீழ் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு சரி, கடைசிப் பக்கத்தில் வட்டமிட்ட மதிப்பெண், கையொப்பம். 52 பேர் கொண்ட வகுப்புக்கு நான்கரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது மாணவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். கடைசிப் பக்கத்தைப் புரட்டி எண்ணைப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவரின் எண்ணைப் பார்ப்பார்கள். தாளை மடித்து வைத்துவிடுவார்கள்.

இப்போது அந்தத் துணிப்பை இல்லை. கட்டுரைகள் இணையத்தில் இயங்கும் சொற்செயலியில் எழுதப்பட்டு என் திரைக்கு வருகின்றன. நான் அங்கேயே படித்து, ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புகிறேன். இந்த மாற்றம் திட்டமிட்டு வந்ததன்று. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது மாணவர்கள் எழுதிய தாள்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பாதிப் படங்கள் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். மீதியில் எழுதியவரின் தலைநிழல் விழுந்திருக்கும். ஒரு மாதம் அந்தப் படங்களோடு போராடிய பிறகுதான் வேறு வழி தேடினேன். பெருந்தொற்று போன பிறகும் அந்த வழியைக் கைவிடவில்லை. அதன் பயனையும், அதில் நான் செய்த ஒரு தவறையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் எல்லாருக்கும் இது இன்று பொதுவான சிக்கல்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

இணையச் சொற்செயலி என்றதும் பலர் நினைவுக்கு வருவது கூகுள் டாக்ஸ். அதன் தொடக்கம் கூகுளில் இல்லை. ‘ரைட்லி’ என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனம் 2005இல் வெளியிட்ட செயலியை 2006 மார்ச்சில் கூகுள் வாங்கியது. ஒரே கோப்பைப் பலர் ஒரே நேரத்தில் திறந்து, ஒருவர் தட்டுவதை மற்றவர் எழுத்தெழுத்தாகப் பார்க்கும் வசதி 2010இல் வந்தது. எழுதியவரின் வரியை அழிக்காமல் திருத்தத்தை மட்டும் முன்மொழியும் ‘பரிந்துரை’ முறையும், வகுப்புக்குக் கோப்புகளைப் பகிர்ந்து திரும்பப் பெறும் ‘கிளாஸ்ரூம்’ என்ற தளமும் 2014இல் வந்தன.

இதன் அடியில் உள்ள கணக்கு எளிதன்று. ஒரு வரியின் மூன்றாவது சொல்லை நான் நீக்குகிறேன் என்று வைத்துக்கொள்வோம். அதே நொடியில் வரியின் தொடக்கத்தில் மாணவர் இரண்டு சொற்களைச் சேர்க்கிறார். என் மூன்றாவது சொல் இப்போது ஐந்தாவது ஆகிவிட்டது. ‘மூன்றாவதை நீக்கு’ என்ற என் கட்டளை அப்படியே நிறைவேறினால் தவறான சொல் போய்விடும். ஆகவே, கட்டளையை ‘ஐந்தாவதை நீக்கு’ என்று உருமாற்றி நிறைவேற்ற வேண்டும். இந்த உருமாற்ற முறையை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இலேயே முன்வைத்தார்கள். வகுப்பறைக்கு அது வந்துசேர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆசிரியருக்குத் தேவையானவை மூன்றே மூன்று. யார் படிக்கலாம், யார் குறிப்பெழுதலாம், யார் மாற்றலாம் என்று உரிமையைப் பிரித்துக் கொடுப்பது முதலாவது. கிளாஸ்ரூமில் மாணவர் கட்டுரையை ஒப்படைத்ததும் மாற்றும் உரிமை அவரிடமிருந்து ஆசிரியருக்குப் போகிறது. ஆசிரியர் திருப்பியனுப்பியதும் மீண்டும் மாணவரிடம் வருகிறது. ‘நேற்றே எழுதிவிட்டேன் ஐயா, தாள் தொலைந்துவிட்டது’ என்பதற்கு இதில் இடமில்லை. இரண்டாவது, ஓரக்குறிப்பு. மூன்றாவது, கோப்பில் எப்போது, யார், எதை மாற்றினார் என்ற பதிவு. இந்த மூன்றாவதில்தான் என் தவறு நிகழ்ந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கொம்பும் காலும்

தமிழில் திருத்துவோருக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. முதலில் எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கேள்வித்தாள்கள் இன்னும் பல ஆசிரியர்களின் கணினியில் இருக்கின்றன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்தவை. அவற்றை இணையச் சொற்செயலியில் ஏற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆணை பிறந்து ஆண்டுகள் பல ஆகியும் என் சக ஆசிரியர்கள் சிலர் ‘கணினியில் தமிழ் வரவில்லை’ என்று சொல்வதன் பின்னால் இருப்பது இதுதான். கோப்பை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும். மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. யூனிகோடு முறையில் ‘கா’ என்பது ஓர் எழுத்தன்று. ககரமும் காலும் என இரு குறியீடுகள். நம் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஆகவே, பரிந்துரை முறையில் ‘க’வை ‘கா’ என்று திருத்தினால் கால் மட்டும் வேறு நிறத்தில், சில நேரம் புள்ளியிட்ட வட்டத்தை ஒட்டிக்கொண்டு, தனியே நிற்கும். முதல்முறை பார்த்த மாணவர் ஒருவர் ‘ஐயா, இது என்ன எழுத்து?’ என்று கேட்டார். இப்போதெல்லாம் எழுத்தை மட்டும் திருத்தாமல் முழுச் சொல்லையும் அழித்துப் புதிதாகத் தட்டுகிறேன். ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இராது. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாது. எகர ஏகாரக் கொம்புகளும் ஒன்றே. படிப்பவர்தான் இடம் நோக்கி முடிவு செய்ய வேண்டும். அந்தத் தொல்லை வேறு உருவில் என் திரைக்கு வந்திருப்பதாக நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாவது, பிழை யாருடையது என்ற கேள்வி. மாணவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில், ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகையில் எழுதுகிறார்கள். ‘பல்லிக்குச் சென்றேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அவருக்கு லகர ளகரம் தெரியாதா, விசைப்பலகை முதலில் காட்டிய சொல்லைத் தொட்டுவிட்டாரா? தாளில் எழுதியிருந்தால் ஐயமே இல்லை. திரையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. கையால் எழுதினால் பத்துப் பிழை விடும் மாணவருக்குக் கைப்பேசி சரியான சொல்லையே முன்வைக்கிறது. அவருடைய அறியாமை என் கண்ணில் படுவதே இல்லை.

ஆங்கிலத்துக்கு உள்ளதுபோல் சிவப்பு நெளிகோடு தமிழுக்கு நம்பகமாக அமையாததற்கு மொழியின் இயல்பே காரணம். ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்தெல்லாம்’ என்பது நமக்கு ஒரே சொல். வேர்ச்சொல்லோடு ஒட்டுகள் சேர்ந்து சேர்ந்து உருவாகும் இத்தகைய வடிவங்கள் அனைத்தையும் எந்தச் சொற்பட்டியலிலும் அடைக்க முடியாது. நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப்பிழை திருத்தியும், ‘நாவி’ என்ற சந்திப்பிழை திருத்தியும் இந்த இயல்பைக் கருத்தில் கொண்டு தமிழுக்கென்றே அமைந்தவை. கட்டுரையை ஒப்படைக்கும் முன் இவற்றில் ஒருமுறை இட்டுப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பொறி காட்டுவதை ஏற்பதா, மறுப்பதா என்று அவர்களே முடிவு செய்யட்டும். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

நூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள்

அந்த வேறு வேலை எது என்று எனக்கே புரிய ஓராண்டு ஆயிற்று. தொடக்கத்தில் பரிந்துரை முறையில் மூழ்கிப்போனேன். ‘குளத்தை பார்த்தேன்’ என்ற இடத்தில் ஒரு பகர ஒற்று. அடுத்த வரியில் ஒரு ககர ஒற்று. ஒருமை பன்மை மயங்கிய இடத்தில் ஒரு ‘ன’. நான்கு பக்கக் கட்டுரை ஒன்றில் 112 திருத்தங்கள் செய்திருந்தேன். ஒவ்வொன்றும் என் பெயருடனும் நேரத்துடனும் ஓரத்தில் வரிசை கட்டி நின்றன. மனநிறைவோடு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கட்டுரை திரும்பி வந்தது. எல்லாத் திருத்தங்களையும் ஒரே தட்டில் ஏற்றுக்கொள்ளும் பொத்தான் ஒன்று இருக்கிறது; மாணவர் அதை அழுத்தியிருந்தார். கட்டுரை பிழையில்லாமல் ஆகிவிட்டது. அடுத்த கட்டுரையில் அதே பிழைகள் அத்தனையும் இருந்தன.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. செய்ய வேண்டிய வேலை முழுவதையும் நானே செய்து கொடுத்துவிட்டேன். அவருக்கு மிச்சம் வைத்தது ஒரு பொத்தானை. சிவப்பு மையில் நான் கோடிட்டபோதுகூட, திருத்தி எழுதச் சொன்னால், அவர் கை அந்த வரியை மறுபடி எழுதியாக வேண்டும். அன்றோடு பரிந்துரை முறையை விட்டேன். பிழைகளைப் பொறுத்தவரை முதல் பத்தியில் மட்டும் சுட்டிக்காட்டி, ‘இதே வகைப் பிழை இன்னும் ஆறு இடங்களில் இருக்கிறது, கண்டுபிடி’ என்று எழுதுகிறேன். மீதி நேரம் முழுவதும் ஓரக்குறிப்புக்கு.

ஒரு பருவத்தில் ‘எங்கள் ஊர்க் குளம்’ என்ற தலைப்பைக் கொடுத்தேன். சிற்றாற்றின் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்களால் நிரம்பும் குளங்கள் இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு. ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்குத் தண்ணீர். ஒரு மாணவர், ‘மழை பொய்த்ததால் எங்கள் குளம் மூன்று ஆண்டுகளாக நிறையவில்லை’ என்று எழுதியிருந்தார். பிழையில்லாத வரி. தாளாக இருந்தால் ஒரு சரி போட்டுக் கடந்திருப்பேன். ஓரத்தில் இப்படிக் கேட்டேன்: ‘உங்களுக்கு மேலே உள்ள குளம் அந்த ஆண்டுகளில் மறுகால் பாய்ந்ததா? யாரிடம் கேட்டாய்?’ இரண்டு நாளில் பதில் வந்தது: ‘கேட்கவில்லை ஐயா. நாளை நீர்ப்பாய்ச்சி தாத்தாவிடம் கேட்கிறேன்.’ அடுத்த வாரம் அந்தப் பத்தி முழுவதும் மாறியிருந்தது. மேலே உள்ள குளம் இரண்டு ஆண்டு மறுகால் பாய்ந்திருக்கிறது. இடையில் உள்ள கால் சீமைக்கருவேலம் மண்டித் தூர்ந்து கிடப்பதால் தண்ணீர் ஓடைக்குப் போய்விடுகிறது. கார் சாகுபடியைக் கைவிட்டுப் பிசானத்தை மட்டும் நம்பும் நிலை வந்ததற்கு அதுதான் காரணம் என்று அந்த முதியவர் சொல்லியிருக்கிறார். மாணவர் அந்தக் காலைப் போய்ப் பார்த்துப் படமும் எடுத்துச் சேர்த்திருந்தார். முதலில் எழுதியதைவிட அந்தப் பத்தியில் சந்திப்பிழைகள் அதிகம். எனக்கு அது பொருட்டாகவே படவில்லை.

இங்கே ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். ரூத் பட்லர் என்ற கல்வி உளவியலாளர் இஸ்ரேலில் பள்ளி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 1988இல் வெளியானது. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும். ஒரு குழுவுக்குக் கருத்துரை மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். கருத்துரை மட்டும் பெற்றவர்கள் அடுத்தடுத்த வேலைகளில் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இரண்டையும் பெற்றவர்களிடமும் இல்லை என்பதுதான் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. எண் கண்ணில் பட்டதும் கருத்துரை படிக்கப்படாமலே போகிறது. என் திண்ணை அனுபவமும் அதையே சொன்னது. ஆனால், நான் அதை மாணவர்களின் குணம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, இப்போது மதிப்பெண்ணைப் பிடித்து வைக்கிறேன். ஓரக்குறிப்புகளுக்குப் பதில் எழுதி, மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகுதான் எண் வெளியாகும். அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்ற பகுப்பில் ஒப்படைப்புக்கு வாய்ப்பது மிகச் சிறு பங்கு. அந்தச் சிறு பங்குக்காக இவ்வளவா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு கட்டுரைக்கு இப்போது எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. 52 கட்டுரைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். மாற்றி எழுதியதைப் படிக்கும் நேரம் தனி. கருவி வேலையைக் குறைக்கும் என்று நம்பி இதில் இறங்குவோர் ஏமாந்துபோவார்கள். தொகுப்பூதியத்தில் இரண்டு கல்லூரிகளுக்கு ஓடும் கௌரவ விரிவுரையாளர் ஒருவரிடம் இதையே செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நிர்வாகங்கள் இதற்கு நேர்மாறான நம்பிக்கையில் இறங்கியதும் உண்டு. 2017இல் மும்பை பல்கலைக்கழகம் பட்டத் தேர்வுகளின் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்களை ஒரே பருவத்தில் திரையில் திருத்த முற்பட்டது. தாள்களை ஒளிவருடி, ஆசிரியர்களுக்குக் கணினியில் பகிர்ந்தளிக்கும் முறை அது. ஜூலை 31க்குள் வர வேண்டிய முடிவுகள் வரவில்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தர் பதவி நீக்கப்பட்டார். அந்த முறையில் வேகமும் கூட்டல் பிழையின்மையும் கிடைக்கலாம். மாணவருக்கும் திருத்துபவருக்கும் இடையே ஒரு சொல்லும் போய்வர அதில் இடமில்லை. விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தேர்வருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்திலும் பிளஸ் டூ மாணவர்கள் விடைத்தாள் நகல் பெறுகிறார்கள். அந்த நகலில் அவர்கள் காண்பது சரிக்குறிகளையும் எண்களையும்தான். ஏன் குறைந்தது என்பதை அவர்களாகத்தான் ஊகிக்க வேண்டும்.

இரவு 9.41

இனி என் தவறு. அதே குளக் கட்டுரை. மூன்றாமாண்டு மாணவி ஒருவரின் கட்டுரை மற்றவற்றைவிட நீளமாகவும் செறிவாகவும் இருந்தது. ஏறத்தாழ 1,300 சொற்கள். வகுப்பில் அதிகம் பேசாதவர். எனக்கு ஐயம் வந்தது. கோப்பின் மாற்றப் பதிவைத் திறந்தேன். மற்றவர்களின் பதிவில் நாலைந்து நாள், முப்பது நாற்பது மாற்றங்கள் தெரியும். ஒரு வரி வரும், அழியும், மறுபடி வரும். இவருடைய பதிவில் வெற்றுக் கோப்பு. பிறகு இரவு 9.41க்கு முழுக் கட்டுரையும் ஒரே மூச்சில். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்று முடிவு கட்டினேன். ஓரத்தில் எழுதினேன்: ‘இது நீ எழுதியதுதானா?’

காலம் அப்படிப்பட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு, நன்றாக எழுதப்பட்ட எதைப் பார்த்தாலும் ஆசிரியர்களுக்கு ஐயம் வருகிறது. பொறி எழுதியதைப் பொறியைக்கொண்டே கண்டுபிடிக்கலாம் என்று விற்கப்படும் கருவிகளை நம்ப முடிவதில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் பொறியின் எழுத்து என்று முத்திரை குத்தியதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில் காட்டினார்கள். ஆகவே பலரும், நான் உட்பட, மாற்றப் பதிவைச் சான்றாக நம்பத் தொடங்கினோம். எழுதியவர் எழுதிய விதமே அதில் இருக்கிறதே என்ற எண்ணம்.

மாணவி என் குறிப்புக்குப் பதில் எழுதவில்லை. இரண்டு நாள் வகுப்புக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் துறை அறை வாசலில் நின்றார். கையில் ஒரு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. அதில் அந்தக் கட்டுரை மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. முதலாவது பென்சிலில், அடித்தல் திருத்தல்களோடு. இரண்டாவதில் பத்திகள் இடம் மாறியிருந்தன. மூன்றாவது நல்ல பிரதி. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. பகலில் அதை அண்ணன் வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். இரவு அவர் திரும்பிய பிறகு நோட்டை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்து, குரலை எழுத்தாக்கும் வசதியில் பதிந்து, தமக்கே அனுப்பிய செய்தியாகச் சேர்த்துவைத்து, கடைசியில் மொத்தமாக எடுத்து ஒட்டியிருக்கிறார். ‘நோட்டையும் கொண்டுவரணும்னு நீங்க சொல்லலியே ஐயா’ என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பிறகு அந்தக் கட்டுரையை மறுபடி படித்தேன். முழுக்கட்டுரையிலும் காற்புள்ளி ஏறத்தாழ இல்லை. ‘பிசானம்’ என்பது மூன்று இடங்களில் ‘பாசனம்’ என்று இருந்தது. ‘மறுகால்’ ஓரிடத்தில் ‘மறு நாள்’ ஆகியிருந்தது. நெல்லைச் சீமையின் சொற்கள் பழகாத ஒரு பொறி காதால் கேட்டு எழுதியதன் அடையாளங்கள் அவை. எங்கிருந்தாவது எடுத்திருந்தாலும், ஒரு பொறி இயற்றியிருந்தாலும் அந்தப் பிழைகள் வந்திருக்கமாட்டா. உண்மை கட்டுரையிலேயே இருந்தது. நான் அதைப் படிக்காமல் கடிகாரத்தைப் படித்திருக்கிறேன்.

என் ஊருக்கு இதில் ஒரு பொருத்தமின்மை உண்டு. ஊற்றுமலை ஜமீன்தார்களின் அரண்மனை இருந்த ஊர் வீரகேரளம்புதூர். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதயாலய மருதப்பத் தேவரின் ஊர். ஏடு தேடி நெல்லைச் சீமைக்கு வந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் பிறகும் செய்த வேலையைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். ஒரே நூலின் பல பிரதிகளை வரிசைப்படுத்தி, பாடபேதங்களை ஒப்பிட்டு, எது நூலாசிரியரின் சொல், எது ஏடெழுதியவரின் கைப்பிழை என்று பிரித்தறிவது அந்த வேலை. ஒரு பிரதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொன்னதில்லை. பாடபேதம் பற்றி ஆண்டுதோறும் வகுப்பெடுக்கும் நான், ஒரே ஒரு பிரதியின் பதிவைப் பார்த்து ஒரு மாணவியைத் திருடி என்று சொல்லாமல் சொல்லிவிட்டேன்.

குற்றச்சாட்டு ஓரக்குறிப்பில் எழுதப்பட்டது என்பதால் மன்னிப்பையும் அங்கேயே எழுதினேன். இத்தகைய குறிப்புகளுக்கு அருகில் ‘முடிந்தது’ என்று மூடிவிடும் ஒரு குறி இருக்கும். மூடிவிட்டால் ஓரம் சுத்தமாகிவிடும். நான் மூடவில்லை, அந்த உரிமை அவருடையது என்று எனக்குப் பட்டது. அவர் பட்டம் பெற்றுப் போய்விட்டார். குறிப்பு அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு சில ஏற்பாடுகளை மாற்றினேன். முதல் வரைவு தாளில் இருக்கலாம். அதைப் படம் பிடித்துக் கோப்பின் முடிவில் சேர்த்தால் போதும். குரலில் பதிந்தால் ‘குரல்’ என்று மேலே ஒரு சொல் எழுத வேண்டும். அதற்காக யாருக்கும் மதிப்பெண் குறையாது. மாற்றப் பதிவைத் திறப்பதாக இருந்தால் மாணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறக்கிறேன். ‘இந்தப் பத்தி ஏன் இடம் மாறியது?’ என்று கேட்டால் பெரும்பாலோர் ஆர்வத்தோடு சொல்கிறார்கள். எழுதாதவரால் அந்தக் கேள்விக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பதில் சொல்ல முடிவதில்லை. துப்பறியும் கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஐந்து நிமிடமும் ஒரு கூடுதல் நாற்காலியும் தேவைப்பட்டன.

தீராத ஒன்று இருக்கிறது. பருவத் தேர்வு இன்றும் மூன்று மணி நேரம், பேனா, தாள். திரையில் எழுதி எழுதிப் பழகினால் தேர்வு அறையில் கை ஓடுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பக்கம் பக்கமாக எழுதிய தலைமுறையைச் சேர்ந்த எனக்கு அவர்களுடைய விரல் வலி தெரியாது. ஆனால், அவர்களின் மூன்றாம் பக்கத்துக் கையெழுத்து அதைச் சொல்கிறது. ஆகவே, இந்தப் பருவத்தில் ஒப்படைப்பு இரண்டில் ஒன்றைத் தாளில் கேட்டிருக்கிறேன். மதிப்பெண்ணை அதிலும் பிடித்து வைப்பதாகத்தான் திட்டம். கடைசிப் பக்கத்தில் எண் இருக்கும் இடத்தில் கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் கீழே அவர்கள் பதில் எழுத நாலு வரி இடம் விடச் சொல்லியிருக்கிறேன். துணிப்பையைத் தேடி எடுத்துத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.